தாத்தா விட்டுச் சென்ற கைத்துப்பாக்கி: வீட்டில் வைத்திருக்கலாமா?

பழைய தோட்ட வீட்டைக் காலி செய்யும்போது, அல்லது பெரியவர் ஒருவர் காலமான பின் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறக்கும்போது, துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் என்ன செய்வது? "ஜப்பான் காலத்துச் சாமான்தானே, இனி எங்கே சுடப்போகிறது" என்று மறுபடியும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடத் தோன்றும். ஆனால் மலேசியச் சட்டம் அதை நினைவுப் பொருளாகப் பார்ப்பதில்லை. உரிமம் இல்லாத ஆயுதமாகவே பார்க்கிறது.

ஜொகூருக்கு எப்படி வந்தன?

1942 ஜனவரியில் மூவார், பாரிட் சூலோங், பத்து பகாட் வட்டாரங்களில் கடும் போர் நடந்தது. மூவாரில் நின்ற 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு சிதறியது. ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. வழியெங்கும் ரப்பர் தோட்டங்களிலும் காடுகளிலும் ஆயுதங்கள் கைவிடப்பட்டன. அவற்றில் பலவற்றை ஜப்பானியரை எதிர்த்த மக்கள் படையினர் பொறுக்கிக்கொண்டனர். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது ஜப்பானிய ஆயுதங்களும் கைமாறின. பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்களுக்கு அரசாங்கமே ஆயுதம் கொடுத்தது.

ஆகவே போர்க்காலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அரசாங்கத்தின் படைக்கலம்தான். குடும்பம் விலை கொடுத்து வாங்கிய சொத்து அல்ல.

எந்தத் துப்பாக்கி என்று அறிய

கையில் எடுக்காமலே சில அடையாளங்களைக் காணலாம்.

* வெப்லி, என்ஃபீல்டு: பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் ஆறு தோட்டாச் சுழல் துப்பாக்கிகள். நடுவில் மடிந்து திறக்கும். வெப்லி ஆறாம் மார்க் .455 அளவு, என்ஃபீல்டு.38 அளவு. அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்று பொருள்.

* நம்பு 14ஆம் வகை: ஜப்பானிய அதிகாரிகளின் 8 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. இதில் தயாரித்த ஆண்டும் மாதமும் ஷோவா கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டு எண்ணுடன் 1925ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 18.5 என்றிருந்தால் 1943 மே.

* 94ஆம் வகை: இதுவும் ஜப்பானியருடையது. பக்கவாட்டில் வெளியே தெரியும் ஒரு தகடு அழுத்தப்பட்டாலே, விசையைத் தொடாமல் வெடித்துவிடக்கூடியது. எண்பது ஆண்டு ஆனாலும் உள்ளே தோட்டா இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

பதிவு செய்ய முடியுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளுக்குச் சேகரிப்பாளர் என்ற தனிப் பிரிவு உண்டு. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று எண்ணக்கூடாது.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி.

உரிமம் ஆளுக்குத்தான்; துப்பாக்கியோடு சேர்ந்து பிள்ளைக்கு வராது. அப்பா உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்து காலமானால், உடனே காவல் நிலையத்தில் தெரிவித்து அதை ஒப்படைக்க வேண்டும். பிள்ளைக்கு அது தேவையென்றால் தன் பெயரில் மாநிலப் போலீஸ் தலைவரிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒருபோதும் உரிமம் இல்லாத போர்க்காலக் கைத்துப்பாக்கிக்கு, "தாத்தாவுடையது" என்பது உரிமத்துக்கான காரணம் ஆகாது. ஒப்படைப்பதுதான் வழி.

செய்ய வேண்டியது

1. இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். துடைக்கவோ, எண்ணெய் போடவோ, விசையை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம்.

2. துப்பாக்கியை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ எடுத்துச் செல்லாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால் விளக்கம் சொல்வது கடினம். காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் கொடுத்து, அவர்களையே வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

3. எங்கே, எப்போது, யார் கண்டெடுத்தது என்று போலீஸ் புகார் செய்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அச்சம் இருந்தால் முன்கூட்டியே வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

4. கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு போன்றவை கிடந்தால் விலகி நின்று 999ஐ அழையுங்கள். வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வருவார்கள்.

5. படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, விலை கேட்பது, ஆற்றில் வீசுவது எதுவும் வேண்டாம். விற்க முயன்றால் இன்னும் கடுமையான குற்றச்சாட்டை எதிர்கொள்ள நேரலாம்.

ஒப்படைத்தால் குடும்ப வரலாறு போய்விடுமே என்று சிலர் தயங்குவதுண்டு. தாத்தாவின் பதக்கம், படைச் சீருடைச் சின்னம், சயாம் ரயில்பாதைக்குப் போனவரின் கடிதம், சிறப்புக் காவலராக இருந்ததற்கான சான்று இவற்றை வைத்திருக்கத் தடையில்லை. துப்பாக்கி அவர் கைக்கு எப்படி வந்தது என்பதை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாம். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அந்தக் கதை போதும்.