இத்சிங் கண்ட விருந்தும் கூத்தும்

அயல்நாட்டில் நெடுநாள் தங்குவோர் பலரும் அந்நாட்டு உணவைத் தம் நாவைக் கொண்டே அளப்பர். அந்நாட்டு இலையைக் கொண்டு தம் நாட்டு உணவையே அளந்து பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னிற்பவர் சீனத் துறவி இத்சிங். 635ஆம் ஆண்டு பிறந்த இவர், 671இல் குவாங்சௌ துறையிற் பாரசீகக் கலமொன்றில் ஏறினார். இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். மீண்டும் தாயகத்தில் நிலையாகக் கால் வைத்தது 695இல்தான். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அயல்மண்ணின் சோறே அவருக்குச் சோறாயிற்று.

ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் வடமொழி இலக்கணம் பயின்ற பின், மலையூர் சென்று, அங்கிருந்து கடாரம் வந்தார். கடாரத்திலிருந்து வடக்கே கலம் செலுத்தியபோது, ஆடையணியா மக்கள் வாழும் தீவொன்றைக் கண்டார். அது நிக்கோபார் என்பர் அறிஞர். நூறளவு சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் ஏந்தி வந்த அம்மக்கள் வேண்டியது இரும்பு ஒன்றே. இருவிரல் அகல இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கொடுத்தனராம்! பொன்னுக்கு மயங்கும் உலகில் இப்படியும் ஒரு சந்தை.

673இல் தாமிரலிப்தியில் இறங்கிய இத்சிங், பின்னர் நாளந்தாவில் பத்தாண்டுகள் தங்கிக் கற்றார். பாடங்களைக் கற்றதோடு அவர் நின்றாரல்லர், பந்தியையும் கற்றார். பசுஞ்சாணம் இட்ட தரை, அதன்மேல் தூவிய பசிய இலைகள், ஒருவரையொருவர் தீண்டாவாறு இட்ட ஏழங்குல உயரச் சிற்றிருக்கைகள், இவற்றையெல்லாம் அளவோடு குறித்து வைத்தார். இலையில் முதலில் விழுவது கட்டைவிரல் அளவு இஞ்சியும் சிறிது உப்பும். அடுத்துச் சோறும் பருப்புச் சாறும், சூடான நெய்யும். விரலாற் பிசைந்து வலக்கையால் உண்பர். வயிறு பாதி நிறைந்த பின்னரே பணியாரமும் கனியும் வரும். தமிழர் திருமண வீட்டுப் பந்தியில் அமர்ந்தவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

சீனத்தில் மீனையும் காய்கறியையும் பெரும்பாலும் பச்சையாகவே உண்கின்றனர். இந்தியாவிலோ காய்களை நன்கு வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் சேர்த்தே உண்கின்றனர் என எழுதுகிறார். வெங்காயத்தையும் பச்சைக் காய்களையும் நீக்குவதால் அங்கு செரியாமை நோய் இல்லை என்பதும் அவர் துணிபு. தம் மக்கள் மனம் நோகுமே என்று எதனையும் மறைக்கவில்லை. ஆயினும் உணவுக் குச்சியைப் பற்றிப் பேசுமிடத்து அவர் நெஞ்சு நெகிழ்கிறது. இந்தியாவில் அது அறவே இல்லை. ஆனால் ஒழுக்க நூல்கள் அதனை விலக்கவுமில்லை. ஆகவே சீனத்தார் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் உடலைக் காத்த மருந்து தேநீரும் ஜின்செங் வேர்க் கசாயமுமே என்று கூறுமிடத்தும், துறவிக்குள் இருந்த சீனர் தலைகாட்டுகிறார்.

685இல் இந்தியாவை நீங்கி மீண்டும் ஸ்ரீவிஜயம் வந்து தங்கினார். தென்கடல் தீவுகளின் விருந்தை அவர் வருணிக்கும் பகுதியே இந்நாட்டார் ஊன்றிப் படிக்கத்தக்கது. விருந்து மூன்று நாள் நடக்கும். முதல் நாள் பாக்கும் நறுநெய்யும் சிறிது அரிசியும் தட்டில் வைத்து அழைப்பர். இரண்டாம் நாள் நண்பகலுக்குப் பின் முரசும் இசையும் முழங்க, கொடிகள் சூழப் புத்தர் படிமத்தை இல்லத்திற்கு எழுந்தருளச் செய்து, நறுமண நீராட்டி, விளக்கேற்றிப் பாடுவர். மூன்றாம் நாள் நறும்புகைக் கலமும் பொற்குடமும் விளக்கும் மலரும் ஏந்திய மகளிர் வரிசையாய் நிற்பர். பின்னரே உணவு. ஏழையர் இல்லத்திலும் தைத்த இலையில் பத்து இருபது வகை; அரசர் விருந்திலோ நூறு. அரசரே தம்மை ஏவலர் எனக் கூறிப் பரிமாறுவராம். பசிக்கு அளவாக இட்டால் விருந்தளிப்பவர்க்கு மனநிறைவு இல்லை. ஒருவர் இலையில் எஞ்சுவது மூவர் நால்வர்க்குப் போதும். உற்றாரும் அயலாரும் சோறும் கறியும் கொணர்ந்து உதவுவர். கம்போங்களில் நிகழும் கெண்டூரியைக் கண்டவர் இங்குச் சற்று நிற்பர். இலையுணவும் பாக்கும் தோட்டத் தொழிலாளரோடு இந்நிலப்பகுதிக்கு வந்தவை என்பாரும் உளர். அவர்களுக்கு இத்சிங்கின் ஏட்டைக் காட்டினாற் போதும்.

ஆடலும் பாடலும் காணலாகாது என்பது துறவியர் நெறி. அந்நெறியில் அணுவும் பிறழாத இத்சிங், கூத்தை இகழவில்லை என்பது வியப்பே. நாகனுக்காகத் தன்னுயிரைக் கொடுக்கத் துணிந்த சீமூதவாகனன் கதையை ஹர்ஷ மன்னர் இசையமைத்து நடிக்கச் செய்து பரப்பியதையும், விசுவந்தர இளவரசன் கதைப்பாடலுக்கு இந்தியா முழுவதும் மக்கள் ஆடிப் பாடுவதையும் உவந்து குறிக்கிறார். அசுவகோசரின் புத்தசரிதம் தென்கடல் நாடுகளிலும் பாடப்பட்டதென்பதும் அவர் வாய்மொழியே. பள்ளி செல்லாதவர் காதுக்கும் அறம் எட்டிய வழி அது.

689இல் தாளும் மையும் வேண்டி மடல் அனுப்பக் கலத்தில் ஏறினார். காற்று வாய்த்ததெனக் கலம் புறப்பட்டுவிட, எண்ணாமலே சீனம் சேர்ந்தார். தாயகம் வந்தாயிற்று என்று அவர் தங்கிவிடவில்லை. துணைவர் நால்வருடன் அவ்வாண்டே திரும்பினார். விருந்தும் இலையும் இடம்பெற்ற அந்நூலை 692இல் ஸ்ரீவிஜயத்திலிருந்தே அனுப்பி வைத்தார். 695இல் ஏறக்குறைய 400 சுவடிகளுடன் லோயாங் நகர் அடைந்தபோது, பேரரசி வூ தாமே வந்து எதிர்கொண்டார்.