முந்திய நிழற்படமும் பிந்திய புகைவண்டியும்

தருமபுரிச் சீமைக்குப் புகைவண்டி முதலில் வந்ததா, நிழற்படக் கருவி முதலில் வந்ததா என்று வினவினால், பெரும்பாலோர் புகைவண்டி என்றே விடையிறுப்பர். உண்மை அதுவன்று. கும்பினிப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்பார், சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக 1857-58ஆம் ஆண்டுகளில் தென்னாட்டைச் சுற்றி வந்தார். அவர் கருவியை நிறுத்திய ஊர்களுள் இராயக்கோட்டையும் ஒன்று. அன்று அது சேலம் மாவட்டத்தின் ஊர். 1965இல் தருமபுரி மாவட்டம் பிறந்தபோது அதனுடன் வந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வூரின் பெயரையே தலைப்பில் தாங்கிய படத்தொகுதி 1858இல் வெளிவந்தது.

புகைவண்டி எப்போது வந்தது? இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856 ஜூலையில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, மொரப்பூர் வழியாகச் சேலத்தை எட்டியது 1861இல்தான். அதற்குள் ட்ரைப்பின் பணி முடிந்துவிட்டது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், நிழற்படம் எடுப்பதை அரசுக்குத் தகாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். கருவி வந்தது, போயிற்று. எஞ்சின் அதன் பின்னரே வந்தது. சிக்கனம் நல்லதுதான். ஆயினும் இந்தச் சிக்கனத்தால் நாம் இழந்ததை எண்ணும்போது நெஞ்சு ஆறவில்லை.

ட்ரைப் இருந்திருந்தாலும் ஓடும் வண்டியைப் படம் பிடித்திருக்க இயலாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகூட்டிய தாள். அதன்மேல் ஒளி நெடுநேரம் விழ வேண்டும். அசையாத கோட்டை பதியும். அசையும் வண்டி வெறும் மங்கலாகிவிடும். பழைய எஞ்சின் படங்களிலெல்லாம் வண்டி நின்றுகொண்டிருப்பதும், ஓட்டுநரும் கரி அள்ளுவோரும் சிலைபோல் விறைத்து நிற்பதும் இதனால்தான். எஞ்சின் செய்த ஆலைக்காரர்களோ, புது எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசிப் படமெடுப்பர். பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யாமல் ஒவ்வோர் உறுப்பும் தெளிவாய்த் தெரியவேண்டும் என்பதே நோக்கம். ஒரு சுமையையும் இழுத்தறியாத எஞ்சின்களின் படங்கள் அவை!

அப்படங்களைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. முதலில் சக்கரத்தைப் பாருங்கள். பெரிய சக்கரம் ஒரே இணையாக இருந்தால் அது விரைவுக்கான எஞ்சின். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, 2010இல் பெரம்பூர்ப் பணிமனையில் புதுப்பிக்கப்பட்ட 'ஈ.ஐ.ஆர். 21' இவ்வகை. சிறிய சக்கரங்கள் பல, தண்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தால் அது சுமை இழுப்பது. அடுத்துப் புகைபோக்கி. உருளையில் வேலை முடித்த நீராவி அதன் வழியே சீறி வெளியேறும்போது, அடுப்புக் காற்றையும் இழுத்துச் செல்கிறது. எஞ்சின் எவ்வளவு கடுமையாய் உழைக்கிறதோ, அவ்வளவு தீ மூளும். ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' 1829இல் வென்றதற்கு இந்த இழுவையும், கொதிகலத்துள் ஓடிய 25 செப்புக் குழாய்களும் பெருங்காரணங்கள். நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்தான். ஆகவே ராக்கெட்டின் வெற்றி நாளையும் எவரும் படமெடுக்கவில்லை.

மீண்டும் நம் மண்ணுக்கு வருவோம். 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைச் சூறையாடியது. தானியம் விரைந்து சென்று சேராத ஊர்களில் மக்கள் மடிந்தனர். பஞ்சம் காக்கும் பாதைகள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததன் விளைவாக, 1905இல் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரிப் பாதையும், 1906இல் மொரப்பூர் - தருமபுரிப் பாதையும் திறக்கப்பட்டன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி. மொரப்பூரில் அருகே சென்ற பெரும்பாதைக்கோ ஐந்தரை அடி. ஆகவே மூட்டைகளை அங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். செலவு குறைந்த பாதை கூலியாட்களின் முதுகில் ஏறிச் சமனாயிற்று. கிருஷ்ணகிரிப் பாதை 1936இலும், தருமபுரிப் பாதை போர்க்காலத்தில் 1941இலும் மூடப்பட்டன.

1906இல் நிழற்படத் தகடுகள் விரைவு பெற்றுவிட்டன. ஓடும் வண்டியும் பதியும் காலம் அது. ஆதலின் மொரப்பூர், தருமபுரி, ஓசூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில், தொப்பியணிந்த நிலைய ஊழியராகவோ, கரி படிந்த சட்டையோடு எஞ்சின் அருகிலோ நிற்கும் பாட்டனார் படம் சட்டமிட்டுத் தொங்குமானால், அன்பர்கள் அதைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். ஊரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கக்கூடும். இல்லையேல், அவர் பெயர் தெரிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.