முடிச்சும் சாமமும்

தோப்பூரில் வேகக் கணக்குப் படிப்பிக்கும்போது கொட்டியாரக் குடாவைத்தான் கரும்பலகையில் வரைவேன். வளிமண்டலவியல் திணைக்களம் காற்றின் வேகத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் என்று அறிவிக்கும். பிள்ளைகளின் வாப்பாமார் படகில் வைத்திருக்கும் ஜீ.பீ.எஸ். கருவியோ பெரும்பாலும் 'நொட்'டில் பேசும். 60ஐ 1.852ஆல் வகுத்தால் 32 நொட் சொச்சம். அந்த 32ஐக் கிலோமீற்றர் என்று எடுத்தவர் துணிந்து படகை இறக்கிவிடுவார்.

நொட் என்றால் முடிச்சுத்தான். ஐரோப்பிய மாலுமிகள் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றைப் பலகைத்துண்டில் கட்டிக் கடலில் விட்டார்கள். 28 செக்கன் மணற்கடிகாரம் வடிவதற்குள் கையைத் தாண்டிய முடிச்சுகளே கப்பலின் வேகம். கடல் மைல் 1852 மீற்றர் என்று 1929இல் மொனாக்கோ மாநாட்டில் முடிவாயிற்று.

நமது கடலில் அதற்கு வெகுமுன்பே அரபு மாலுமிகளின் 'ஸாம்' புழங்கியது. 15ஆம் நூற்றாண்டு மாலுமி இப்னு மாஜிதின் நூல்களில் ஸாம் என்பது மூன்று மணித்தியால ஓட்டம். தூரமாகச் சொன்னால் ஏறக்குறைய 12 கடல் மைல். அதாவது 4 நொட், மணிக்கு 7 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பாய்க்கப்பலுக்குப் பொருத்தமான கணக்குத்தான். இரவை நான்காகப் பிரிக்கும் நமது சாமமும் மூன்று மணித்தியாலமே. இந்த ஒலியொற்றுமையை முதலில் பிடித்தது பின்வாங்குப் பிள்ளைகள்.