ஒருமுறை பீப்பாய்: சிறிய பீர் ஆலைக்குக் கைகொடுப்பது எப்போது?

உணவகத்துக்குள்ளேயே பீர் தயாரித்து, அங்கு வருவோருக்கே ஊற்றிக் கொடுக்கும்வரை பீப்பாயைப் பற்றி ஓர் ஆலை அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டு ரிவர்சைட் பாயிண்ட்டில் தொடங்கிய 'பிரூவர்க்ஸ்' அத்தகைய இடம்தான். பீர் வாசலைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அடுத்த தெருவில் உள்ள மதுக்கூடமோ, தீவின் மறுகோடியில் உள்ள உணவகமோ, ஹாங்காங்கில் உள்ள இறக்குமதியாளரோ கேட்டால் எதில் ஊற்றி அனுப்புவது?

வழக்கமான விடை எஃகுப் பீப்பாய். 20, 30, 50 லிட்டர் அளவுகளில் கிடைக்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். 50 லிட்டர் பீப்பாயில் பீர் நிரம்பியிருந்தால் எடை 60 கிலோவைத் தாண்டும். கடைவீடுகளின் குறுகிய மாடிப்படியில் அதை ஏற்றியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு விடை, கடந்த இருபது ஆண்டுகளில் பரவிய ஒருமுறை பீப்பாய். தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் அதே 'பெட்' பிளாஸ்டிக்கில் ஆனது. தொழிற்சாலையிலிருந்து கிருமி நீக்கி மூடியே வரும். ஆலை அதில் பீரை நிரப்பி அனுப்பும். பீர் தீர்ந்ததும் அது கழிவு. நியூசிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா எனத் தொலைவிலிருந்து சிங்கப்பூர்க் குழாய்களுக்கு வரும் கைவினை பீரில் கணிசமான பங்கு இப்படித்தான் வருகிறது. காலிப் பீப்பாயை அவ்வளவு தூரம் கப்பலில் திருப்பி அனுப்ப யாருக்கும் கட்டுப்படியாகாது.

உள்ளூர்ச் சிறிய ஆலைகளுக்கு இது கவர்ச்சியாகத் தெரிவதற்கு வேறு காரணம் உண்டு. எஃகுப் பீப்பாய் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். ஒரு மதுக்கூடத்தின் ஒரே ஒரு குழாய் வற்றாமல் இருக்க ஆலைக்கு நான்கைந்து பீப்பாய்கள் தேவைப்படும். ஒன்று குழாயில் பூட்டியிருக்கும். ஒன்று அதே கடையின் குளிரறையில் காத்திருக்கும். ஒன்று காலியாகப் பின்வாசலில் வேனுக்காகக் கிடக்கும். ஒன்று ஆலையில் கழுவப்படும். ஒன்று நிரம்பி நிற்கும். பத்துக் குழாய்கள் என்றால் ஐம்பது பீப்பாய்கள். ஒன்றின் விலை 180 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிண்ணம் பீர்கூட விற்பதற்கு முன்பே 9,000 வெள்ளி முடங்கிவிடும்.

கழுவும் வேலையும் சாதாரணமானதன்று. திரும்பி வந்த பீப்பாயில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். மீந்த பீரை வடித்து, அலசி, சூடான காரக் கரைசலில் கழுவி, மீண்டும் அலசி, கிருமி நீக்க வேண்டும். கடைசியில் உள்ளே இருக்கும் காற்றைக் கரியமில வாயுவால் வெளியே தள்ள வேண்டும். அந்தக் கடைசிப் படியில் அலட்சியம் காட்டினால் பீரில் ஆக்சிஜன் கலந்து, சில வாரங்களில் ஈர அட்டையின் வாடை அடிக்கும். இதற்கெல்லாம் இயந்திரம், வெந்நீர், ஓர் ஊழியரின் நேரம், துவாஸ் போன்ற இடத்தில் வாடகைக்கு எடுத்த தொழிற்கூடத்தில் சில சதுர மீட்டர் ஆகியவை வேண்டும்.

ஒருமுறை பீப்பாய் இந்தச் செலவு அனைத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. 20 லிட்டர் பீப்பாயின் விலை 25 வெள்ளி என்று கொண்டால், 400 மில்லிலிட்டர் கிண்ணம் ஒன்றுக்கு 50 காசு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும், ஒவ்வொரு முறையும் அந்த 50 காசு போய்க்கொண்டே இருக்கும்.

180 வெள்ளி எஃகுப் பீப்பாய் அறுபது முறை நிரப்பப்பட்டால் ஒரு முறைக்கு அதன் விலை 3 வெள்ளி. கழுவும் செலவைச் சேர்த்தாலும் 25 வெள்ளியை எட்டுவது கடினம். அதே பீப்பாய் மூன்றாவது முறை போய்த் தொலைந்துவிட்டால் ஒரு முறைக்கு 60 வெள்ளி. ஆகவே, எந்தப் பீப்பாய் மலிவு என்று கேட்பதைவிட, போன பீப்பாய் திரும்பி வருமா என்று கேட்பதே சரி. வாரந்தோறும் ஆலையின் வேன் போகும் மதுக்கூடத்திலிருந்து வரும். இரண்டு நாள் விழாவுக்கோ, வெளிநாட்டுக்கோ, ஒரே ஒரு முறை வாங்கிப் பார்க்கும் கடைக்கோ போனது வருமா என்பது சந்தேகம். எஃகுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை கிடைக்கும் என்பதும் பீப்பாய்கள் காணாமல் போவதற்கு ஒரு காரணம்.

சிங்கப்பூருக்குள் பார்த்தால், எந்த வாடிக்கையாளரும் ஆலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைவில் இல்லை. இவ்வளவு சிறிய ஊரில், நிலையான வாடிக்கையாளர்களுக்கும் ஒருமுறை பீப்பாயையே அனுப்பும் ஆலை, தன் முதல்போடும் சிக்கலை மாதாமாதம் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். தொடங்கிய முதல் ஆண்டில் அதற்கு நியாயம் உண்டு. ஐந்தாவது ஆண்டிலும் அப்படியே இருந்தால் கணக்கை மறுபடி பார்ப்பது நல்லது.

பையுள்ளதும் இல்லாததும்

ஒருமுறை பீப்பாயில் இரண்டு வகை. முதல் வகை வெறும் பிளாஸ்டிக் கூடு. எஃகுப் பீப்பாயைப் போலவே கரியமில வாயு நேரடியாகப் பீரின்மேல் அழுத்தி, அதைக் குழாய்க்குத் தள்ளும். இரண்டாவது வகையில் கூட்டுக்குள் ஒரு பை இருக்கும். நெதர்லாந்தின் 'கீகெக்' இதற்குப் பெயர்பெற்றது. பீர் பைக்குள். வாயு, பைக்கும் கூட்டுக்கும் இடையே. வாயு பையை நசுக்க நசுக்கப் பீர் வெளியேறும். வாயு பீரைத் தொடாததால் விலை குறைந்த அழுத்தக் காற்றையே பயன்படுத்தலாம். பாதி தீர்ந்த பீப்பாய் மெதுவாக விற்றாலும் பீர் கெடாது. விற்பனை மந்தமான சிறு கடைக்கு இது பெரிய வசதி. விலை சற்று அதிகம். சிலவற்றுக்குத் தனிக் கப்ளரும் வேண்டும். அது இல்லாத கடைக்கு அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி அழைப்பு வந்தால் ஆலைக்காரர்தான் ஓட வேண்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான குறை உண்டு. எஃகைப்போல் பிளாஸ்டிக் வாயுவை முழுமையாகத் தடுப்பதில்லை. வெளியே உள்ள ஆக்சிஜன் மெல்ல உள்ளே வரும். உள்ளே உள்ள கரியமில வாயு மெல்ல வெளியேறும். இதைக் குறைக்கத் தடுப்பு அடுக்குகளைச் சேர்க்கிறார்கள். அப்படியும் மாதக்கணக்கில் வைக்கலாமே தவிர ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. ஒளியும் எதிரி. ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் துர்நாற்றமாக மாறும். அதனால்தான் பல பீப்பாய்கள் அடர்நிறத்தில் அல்லது அட்டைப் பெட்டிக்குள் வருகின்றன. அந்தப் பெட்டியை முதல் நாளே பிரித்து எறிந்துவிடும் கடைகள் உண்டு.

வேனுக்குள் 30 டிகிரி

எல்லாவற்றையும்விட இங்கே கவனிக்க வேண்டியது வெப்பம். ஐரோப்பியக் குளிரில் எழுதப்பட்ட கையேடுகள் இதற்கு அவ்வளவு அழுத்தம் தருவதில்லை.

பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, சூடு ஏற ஏறக் கரைசலைவிட்டு வெளியேறப் பார்க்கும். வழக்கமான அளவு வாயு ஏற்றிய பீர், 4 டிகிரி செல்சியஸில் பீப்பாய்க்குள் சுமார் 0.8 'பார்' அழுத்தம் தருகிறது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்துக்குச் சமம். அதே பீர் 30 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் சுமார் 2.6 பார். மும்மடங்கு. குளிரூட்டப்படாத வேனை மதிய வெயிலில் நிறுத்தினால் உள்ளே 30 டிகிரியோடு நிற்காது.

சிலவகைப் பீப்பாய்களின் எல்லை 3.5 பார். எண்ணிக்கை அதன்மீதே அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண பீருக்கு அந்த இடைவெளி போதும். ஆனால் மாம்பழச் சாறோ வேறு பழக்கூழோ சேர்த்த பீரில், சர்க்கரை மிச்சமிருந்து ஈஸ்ட்டும் உயிரோடு இருந்தால், பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் நொதிக்கத் தொடங்கும். அப்போது அழுத்தம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழ பீர் செய்யும் ஆலைகள் ஒருமுறை பீப்பாயில் நிரப்புவதற்கு முன் நொதித்தல் முழுமையாக முடிந்துவிட்டதை அளந்து பார்க்க வேண்டும், பிறகு கடைவரை குளிரிலேயே கொண்டுசேர்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் பீப்பாய் உயிரைப் பறித்த நிகழ்வும் உண்டு. 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பீர் ஆலை ஒன்றில் பீப்பாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இளம் ஊழியர் ஒருவர், பிளாஸ்டிக் பீப்பாய் வெடித்து உயிரிழந்தார். அது தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான அழுத்தத்தில் காற்று செலுத்தப்பட்டிருந்தது. தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரணை நடத்தி, ஆலையின் குறைபாடுகளைப் பட்டியலிட்டு அபராதம் அறிவித்தனர்.

நிரம்பிய பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய் ஆபத்தானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். திரவம் அழுத்தினாலும் சுருங்காது. அதில் சேமிக்கப்படும் விசை குறைவு. வாயுவோ சுருளாக நசுக்கப்பட்ட கம்பியைப்போல, விட்டால் பாயும். எஃகுக்காக அமைத்த கழுவும் இயந்திரத்தில் பிளாஸ்டிக்கை மாட்டக்கூடாது. காசு மிச்சம் பிடிக்க ஒருமுறை பீப்பாயைக் கழுவி இரண்டாம் முறை நிரப்பவும் கூடாது. இரண்டும் ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், பகுதிநேரமாக வரும் மாணவர் உட்பட, முதல் நாளே சொல்லப்பட வேண்டியவை. ஒரே கூடத்தில் இரண்டு வகையும் வைத்திருக்கும் ஆலையில் காலிகளைத் தனித்தனி மூலையில் அடுக்குவதே குழப்பத்தைத் தவிர்க்கும்.

பீர் வீணானால் போவது பீர் மட்டுமன்று. சிங்கப்பூரில் பீருக்கு உற்பத்தித் தீர்வை, ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 60 வெள்ளி. 5 விழுக்காட்டு மதுசாரம் கொண்ட 20 லிட்டர் பீப்பாயில் சரியாக ஒரு லிட்டர் மதுசாரம் இருக்கிறது. அதாவது பீப்பாயின் விலையைவிட அதற்குள் இருக்கும் தீர்வை இரண்டு மடங்குக்கு மேல். சூடேறி நுரையாகவே கொட்டும் பீப்பாயில், தீர்வையும் சேர்ந்து வடிகாலில் போகிறது. 25 வெள்ளியில் இரண்டு வெள்ளி குறைத்துத் தரும் விற்பனையாளரைத் தேடுவதைவிட, குளிரூட்டிய வேனுக்குச் செலவிடுவது அதிக லாபம் தரலாம்.

காலியானபின் எங்கே போகிறது?

விற்பனைக் கையேடுகள் எல்லாம் ஒருமுறை பீப்பாயை மறுசுழற்சி செய்யலாம் என்கின்றன. செய்யலாம் என்பது வேறு, செய்யப்படுகிறது என்பது வேறு. கூடு ஒரு பிளாஸ்டிக், உள்பை பல அடுக்கு, மூடியில் சில நேரம் உலோகம். பிரித்தால்தான் பயன். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி செய்யப்பட்டது 5 விழுக்காடு மட்டுமே. மற்றவை எரியாலைக்குப் போய், சாம்பலாகச் செமாக்காவ் நிலநிரப்புத் தளத்தை அடைகின்றன. அந்தத் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

பானக் கலன்களைத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு திரும்பக் கிடைக்கும் திட்டமும் இங்கே உதவாது. 2026 ஏப்ரல் 1 முதல் என நிர்ணயிக்கப்பட்ட அத்திட்டம், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் உலோகக் கலன்களுக்கும் உரியது. 20 லிட்டர் பீப்பாய் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது.

எனவே காலிப் பீப்பாய்க்கு யார் பொறுப்பு என்பதை ஆலையும் மதுக்கூடமும் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்வதே நடைமுறை. அடுத்த நடையில் வரும் வேனே காலிகளை எடுத்துச் சென்றால், ஆலையில் மொத்தமாகப் பிரித்து மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்க முடியும். கடையே எறிவதானால், அதற்குரிய கருவியால் உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே குப்பைக் கொள்கலனில் போட வேண்டும். அந்தக் கருவி விலை குறைந்தது. முதல் பீப்பாயோடு அதையும் ஒன்று சேர்த்து அனுப்பி, கடை ஊழியரின் கையால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.