மூணு பின்னில் மாட்டும் கலப்பை: ஹாரி ஃபெர்குசனின் கதை

சின்ன டிராக்டரில் ரோட்டவேட்டரைக் கழட்டிட்டு கல்டிவேட்டரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பழகின ஆளா இருந்தா, துணைக்கு யாரும் வேண்டாம், சில நிமிஷம் போதும். கீழே ரெண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். மொத்தம் மூணு பின். எந்தக் கம்பெனி டிராக்டர், எந்தப் பட்டறையில் அடிச்ச கலப்பை என்பதெல்லாம் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. மென்பொருள் எழுதுற எனக்கு இதைப் பார்த்தா பொறாமையா இருக்கும். எங்க துறையில் ரெண்டு நிரல்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கவே ஒரு வாரம் போயிடும்.

இந்த மூணு பின் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய கதை.

ஹாரி ஃபெர்குசன் 1884-ல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயல் வேலை அவருக்குப் பிடிக்கலை. இயந்திரம்தான் பிடிச்சது. 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டின விமானத்தில் பறந்து காட்டினார். அயர்லாந்தில் அப்படிப் பறந்த முதல் ஆள் அவர்தான். முதல் உலகப் போர் நேரத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தப்போ, 1917-ல் டிராக்டர்களின் வேலைத்திறனைக் கூட்ட அரசு அவரை அனுப்பிச்சது. கூடப் போனவர் வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக். ஃபெர்குசன் பேரில் நாம சொல்ற பல விஷயங்களை உண்மையில் வடிவமைச்சதில் சாண்ட்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா டிராக்டர் மேல எழுதியிருந்த பேரு ஒண்ணே ஒண்ணுதான்.

அன்றைய டிராக்டர் குதிரைக்குப் பதிலா வந்த ஒரு இரும்புக் குதிரை, அவ்வளவுதான். கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ கட்டிப் பின்னால இழுத்துட்டுப் போகும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் விலை குறைவு, எடையும் குறைவு. அதில் ஒரு பயங்கரம் இருந்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினா, பின்சக்கரம் மேற்கொண்டு சுத்த முடியாது. இன்ஜின் நிக்காம, அந்த அச்சைச் சுத்தி டிராக்டரையே தூக்கும். முன்பக்கம் எழும்பி, ஓட்டுறவர் மேலயே வண்டி கவிழும். அப்படிப் பலர் செத்தாங்க.

சாதாரண யோசனை என்ன? வண்டியோட எடையைக் கூட்டு. எடை கூடினா மண் இறுகும், எரிபொருள் கூடும், விலை கூடும். ஃபெர்குசன் போன வழி வேற. கலப்பையும் டிராக்டரும் தனித்தனி இல்லை, ரெண்டும் சேர்ந்து ஒரே இயந்திரம் என்றார்.

எப்படி என்று கொஞ்சம் நிதானமா பார்ப்போம். மண்ணுக்குள்ள ஓடும் கலப்பையை மண் பின்னால தள்ளுது. கீழ் ரெண்டு கையும் அதை இழுக்குது. அப்போ கலப்பையின் மேல்பகுதி முன்னால சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்க்கை டிராக்டரை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்பக்கத்தைத் தரையோட அழுத்தி வைக்கும். எது வண்டியைக் கவிழ்த்ததோ, அதே விசைதான் இப்போ வண்டியைப் பிடிச்சு வைக்குது. இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. டாப் லிங்க்குக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங், அதோட ஒரு ஹைட்ராலிக் வால்வு. மண் கெட்டியானா ஸ்பிரிங் அமுங்கும், வால்வு திறக்கும், கலப்பை கொஞ்சம் மேல வரும். இளகினா தானா இறங்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு முழு ஃபீட்பேக் லூப்!

1936-ல் டேவிட் பிரவுன் கம்பெனியோட சேர்ந்து இந்த அமைப்புள்ள டிராக்டரை விற்க ஆரம்பிச்சாங்க. விற்றது சுமார் 1,350தான். காரணம் எனக்கு ரொம்ப நல்லாப் புரியுது. பழைய கலப்பை எதுவும் இதில் மாட்டாது. டிராக்டரையும் வாங்கி, எல்லாக் கருவியையும் புதுசா வாங்கணும். எவ்வளவு நல்ல இன்டர்ஃபேஸா இருந்தாலும், கையில் இருக்கிறதைத் தூக்கிப்போடச் சொன்னா விவசாயி யோசிக்கத்தான் செய்வார்.

1938-ல் ஃபெர்குசன் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி ஃபோர்டு முன்னால உழுது காட்டினார். ரெண்டு பேரும் கைகுலுக்கினாங்க. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை. அடுத்த வருஷமே ஃபோர்டு 9என் வந்தது. அறிமுக நாளில் எட்டு வயசுப் பையன் ஒருத்தனை உட்கார வச்சு உழவச்சாங்க. இன்னைக்கு யாரும் அப்படிச் செய்யக்கூடாது, ஆனா விளம்பரமா அது அபாரம்.

கைகுலுக்கல் ஃபோர்டின் காலத்தோட முடிஞ்சது. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு உறவை முறிச்சுட்டு, 1947-ல் அதே மூணு புள்ளி அமைப்போட 8என் டிராக்டரைக் கொண்டுவந்தார். ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. சுயமா உருவாக்கினவருக்கு அது சின்னத் தொகைன்னு எனக்குத் தோணுது. ஆனா அதுக்குள்ள முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாகிக்கிட்டிருந்தது. மத்த கம்பெனிகளும் மூணு புள்ளிக்கு மாறினாங்க. இந்த அமைப்பு உலகம் முழுக்கப் பரவ, அதுவும் ஒரு காரணம்.

பிறகு அளவுகளும் நிலைச்சது. சின்ன டிராக்டர்களில் அதிகம் பார்க்கும் முதல் வகையில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. இரண்டாம் வகையில் 28-ம் 25-ம். ஃபெர்குசனின் கம்பெனி 1953-ல் மாஸி ஹாரிஸோட இணைஞ்சு, பின்னாடி மாஸி ஃபெர்குசன் ஆச்சு. அதோட கூட்டில்தான் 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. நம்ம ஊர் வயல்களில் ஓடும் சிவப்பு வண்டிக்கும் டவுன் மாவட்டத்துக்கும் உள்ள உறவு அது.

மாட்டுற வரிசையும் வடிவமைப்பிலிருந்து வந்ததுதான். பெரும்பாலான வண்டிகளில் இடது கையின் நீளம் மாறாது, வலது கையில் உயரம் மாத்துற திருகு இருக்கும். அதனால முதலில் இடது, அப்புறம் திருகைச் சுத்திப் பொருத்தி வலது, கடைசியில் டாப் லிங்க். அதையும் சுத்தினா நீளம் கூடும், குறையும். கழட்டும்போது கருவியை முழுசா தரையில் இறக்கி, இன்ஜினை அணைச்சு, முதலில் டாப் லிங்க், பிறகு வலது, கடைசியா இடது. ரோட்டவேட்டரா இருந்தா பிடிஓ தண்டை மறக்காதீங்க. அதை மாட்டின நிலையிலேயே வண்டியை முன்னால எடுத்தா என்ன ஆகும்னு எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.