பனிக்கட்டி உருகுதல்

பனிக்கட்டி உருகுதல் என்பது திண்ம நிலையிலுள்ள நீர் வெப்பத்தை ஏற்றுத் திரவமாக மாறும் நிகழ்வாகும். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் இது 0 பாகை செல்சியசில் நடைபெறுகிறது. ஒரு பொருளின் வேதி இயைபு மாறாமல் நிலை, வடிவம், பருமன் போன்றவை மட்டும் மாறுவது இயற்பியல் மாற்றம் என்றும், அணுக்களின் பிணைப்புகள் முறிந்தும் புதிதாக அமைந்தும் வேறொரு பொருள் உண்டாவது வேதியியல் மாற்றம் என்றும் வழங்கப்படுகின்றன. உருகுதல் இவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது.

பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சூழ்ந்த நான்கு மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் வலுக்குறைந்த ஈர்ப்பால் இணைந்து, இடையிடையே வெற்றிடமுள்ள அறுகோணப் படிகமாக அமைந்துள்ளது. உருகும்போது இவ்வொழுங்கு குலைந்து மூலக்கூறுகள் நெருங்குவதால், பெரும்பாலான பொருள்களுக்கு மாறாக, பருமன் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும் இதனாலேயே. ஏற்கப்படும் வெப்பம் படிகத்தைக் குலைப்பதிலேயே செலவாவதால், பனிக்கட்டியும் நீரும் கலந்திருக்கும் வரை வெப்பநிலை உயர்வதில்லை. இவ்வாறு வெப்பமானியில் புலப்படாத வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். ஸ்காட்லாந்து அறிவியலர் ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஆய்ந்து கண்ட இவ்வெப்பம், 1 கிராம் பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 334 ஜூல் ஆகும்.

மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிணைத்திருக்கும் வலிய பிணைப்புகளை உருகுதல் தீண்டுவதே இல்லை. 18 கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 6 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே அளவு நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் தேவை. மின்கல அடுக்கைக் கொண்டு 1800-இல் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் நிகழ்த்திய அத்தகைய பிரிப்பு, அதாவது மின்னாற்பகுப்பு, வேதியியல் மாற்றமாகும்.

மீளக்கூடியது இயற்பியல் மாற்றம், மீளாதது வேதியியல் மாற்றம் என்று பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் வரையறை தொடக்க நிலைக்குப் பயன்படினும் உறுதியானதன்று. திறந்து வைத்த கற்பூரம் காற்றில் ஆவியாகிக் கரைந்தபின் அதைத் திரட்டுவது நடைமுறையில் இயலாது; எனினும் அதன் மூலக்கூறுகள் மாறாமலே இருப்பதால் அது இயற்பியல் மாற்றமே. அதே கற்பூரத்தைக் கொளுத்தினால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் புகைக்கரியும் உண்டாகின்றன. மறுபுறம், வாகனங்களிலுள்ள ஈய-அமில மின்கலத்தில் மின்னிறக்கத்தின்போது உண்டாகும் ஈய சல்பேட்டு, மின்னேற்றத்தின்போது மீண்டும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாறுகிறது; மீளக்கூடியதாயினும் இது வேதியியல் மாற்றமே. உப்பு நீரில் கரைவதோ இரு வகைக்கும் எல்லையில் நிற்கிறது: நீரை வற்றச் செய்தால் உப்பு திரும்பக் கிடைக்கிறது, ஆனால் கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகளுக்கிடையிலான பிணைப்பு குலைந்து, அவை நீர் மூலக்கூறுகளால் சூழப்படுகின்றன.