காஸியோடோரஸின் நீர்க்கடிகாரம்

ஐரோப்பாவின் கல்வியைக் காப்பாற்றியவர் என்று காஸியோடோரஸைச் சொல்லிப் பழகிவிட்டோம். இத்தாலியின் தெற்கே ஸ்குவிலாச்சே அருகில், குடும்ப நிலத்தில், விவேரியம் என்ற மடத்தை நிறுவித் துறவிகளைப் பிரதியெடுக்க உட்கார வைத்தார். அதனால் பழைய ரோமின் செல்வம் பிழைத்தது என்பது கதை. ஆனால் விவேரியத்தில் எழுதப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சுவடிகள் மிகச் சில. அவருக்குப் பின் மடம் நெடுநாள் நிலைக்கவுமில்லை. லத்தீன் இலக்கியத்தில் பெரும்பகுதி மிஞ்சியது ஒன்பதாம் நூற்றாண்டையொட்டி வேறு மடங்களில் எடுத்த பிரதிகளால். பட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு மனிதரைப் பார்க்கலாம்.

மனிதர் சங்கடமானவர். ரவென்னாவில் ஆண்ட கோத் மன்னன் தியோடெரிக்கின் பெயரால் கடிதங்கள் எழுதியவர். அலங்காரமான லத்தீன். அரச கட்டளையின் நடுவே யானையைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார். இக்கடிதங்களைப் பின்னால் தாமே 12 புத்தகங்களாகத் தொகுத்தார். அவற்றில் ஒன்று போயீதியஸுக்கு. பர்கண்டி மன்னனுக்குப் பரிசனுப்ப ஒரு சூரியக் கடிகாரமும் ஒரு நீர்க்கடிகாரமும் செய்து தரவேண்டும் என்று கேட்கிறது. கிரேக்க அறிவை லத்தீனுக்குக் கொண்டு வந்தவர் என்று போயீதியஸைப் புகழ்கிறது. பெயர் மன்னனுடையது, சொற்கள் காஸியோடோரஸுடையவை.

சில ஆண்டுகள் கழித்து போயீதியஸ் மீது ராஜத்துரோகக் குற்றம். சிறை. 'தத்துவத்தின் ஆறுதல்' அங்கே எழுதப்பட்டது. 524 வாக்கில் கொன்றார்கள். அவர் வகித்த தலைமைப் பதவியில் அடுத்து அமர்ந்தவர் காஸியோடோரஸ். தொகுப்பில் இந்த வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றம் சாட்டிய சிப்ரியனுக்குப் பதவி உயர்வளித்துப் பாராட்டும் கடிதம் மட்டும் இருக்கிறது. நடை வழக்கம்போல அழகாகவே இருக்கிறது.

போப் அகபெட்டஸுடன் சேர்ந்து ரோமில் ஒரு கிறிஸ்தவக் கல்விக்கூடம் அமைக்க முயன்றார். 535ல் தொடங்கிய போர் அதைக் கலைத்தது. 540ல் ரவென்னா விழுந்தது. கான்ஸ்டான்டிநோபிளில் சில காலம் இருந்துவிட்டு 550களில் ஊர் திரும்பினார்.

துறவிகளுக்காக அவர் எழுதிய 'இன்ஸ்டிட்யூஷனஸ்' எனக்குப் பிடித்த புத்தகம். தத்துவ உயரம் எதுவும் இல்லை. வேதத்துக்கு உரை செய்தவர்கள் யார் யார், எந்த நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறது. பிரதி செய்கிறவன் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். ஆனால் வேதத்தின் சொல்வழக்கு இலக்கணத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அதில் கை வைக்கக்கூடாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாத பதிப்பாசிரியர்கள் இன்றும் உண்டு. இரவில் எழுதத் தானே எண்ணெய் ஊட்டிக்கொள்ளும் விளக்குகளை அமைத்தார். பொழுது தெரிய ஒரு சூரியக் கடிகாரம். மேகமூட்டத்துக்கும் இரவுக்கும் ஒரு நீர்க்கடிகாரம்.

இவற்றை முன்பு யாரிடம் கேட்டு எழுதினோம் என்பது அவருக்கு மறந்திருக்காது. ஏழு கலைகளைச் சொல்லும் இரண்டாம் புத்தகத்தில், எண் கணிதத்துக்கும் தர்க்கத்துக்கும் போயீதியஸின் மொழிபெயர்ப்புகளையே படிக்கச் சொல்கிறார், மரியாதையோடு. குற்றவாளியாக இறந்தவரின் நூல்கள் மடத்து அலமாரியில் இடம்பெற்றன. இது பரிகாரமா, அல்லது நல்ல நூலைத் தள்ளத் தெரியாத நூலகனின் பழக்கமா? பழக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. பரிகாரமாக இருந்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு அலங்காரக் கடிதம் எழுதியிருப்பார்.

கடைசி நூல் எழுத்திலக்கணம் பற்றியது. இத்தனை ஆசிரியர்களைப் படிக்கச் சொல்கிறீர்கள், எங்களுக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரியவில்லையே என்று துறவிகள் முறையிட்டார்களாம். லத்தீன் பேச்சில் அப்போது 'ப'வும் 'வ'வும் குழம்பிக்கொண்டிருந்தன, நம் ரகர றகரம் போல. பழைய இலக்கணக்காரர்களின் விதிகளை எடுத்துத் தொகுத்துக் கொடுத்தார். தமக்கு 93ஆம் வயது நடப்பதாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். போயீதியஸ் இறந்து அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.